ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்தவர், ஞாயிற்றுக்கிழமை நடுவரானது ஏன்? - எரிக் லிடெலின் கதை

2024 ஆகஸ்ட் 8. பாரிஸ் அருகே கொலோம்பில் உள்ள மைதானத்தில் ஸ்பெயினை 2-1 என்று வென்று இந்திய ஹாக்கி அணி ஒலிம்பிக் வெண்கலத்தைத் தட்டியது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் கோல்போஸ்ட் மேல் ஏறி உட்கார்ந்த அந்தப் படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கும்.

அதே மைதானத்தில், அதற்கு 100 ஆண்டுகள் முன்பு, 1924 ஜூலை 11 அன்று 22 வயது ஸ்காட்லாந்து இளைஞர் ஒருவர் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பெயர் எரிக் லிடெல். ஆனால் உலகம் அவரை நினைவில் வைத்திருப்பது அவர் ஓடிய ஓட்டத்துக்காக மட்டும் இல்லை, ஓடாத ஓட்டத்துக்காகவும்தான். அவருக்கு மிகவும் கைவந்த 100 மீட்டர் போட்டியின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடவுளுக்கு உரிய நாளில் ஓட மாட்டேன் என்று விலகிக்கொண்டார்.

கதை பொதுவாக இங்கேயே முடிந்துவிடும். கொள்கைக்காகப் பதக்கத்தையே விட்டவர், சுபம். ஆனால் சுமார் 20 ஆண்டுகள் கழித்து, சீனாவில் ஒரு சிறை முகாமில், அதே லிடெல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி ஆட்டத்துக்கு நடுவராக வந்து நின்றார். கொள்கை மாறிவிட்டதா? இல்லை, அந்தக் கொள்கையே அதுதானா? அன்றாட வாழ்க்கையில் கடவுளைக் கனப்படுத்துவது என்றால் என்ன என்று யோசிக்கும் கிறிஸ்தவர்களுக்கு லிடெல் ஏன் இன்னும் முக்கியமானவர் என்பது, இந்த இரண்டு ஞாயிறுகளுக்கும் இடையில் இருக்கிறது.

யார் இந்த எரிக் லிடெல்?

1902 ஜனவரி 16 அன்று சீனாவின் தியான்ஜின் நகரில் பிறந்தார். அப்பா ஜேம்ஸ், அம்மா மேரி இருவரும் லண்டன் மிஷனரி சொசைட்டியைச் சேர்ந்த ஸ்காட்லாந்து மிஷனரிகள். எரிக்கின் முதல் சில வருடங்கள் சீனாவின் வடக்குச் சமவெளியில் கழிந்தன.

ஆறு வயதில் வாழ்க்கை மாறியது. எட்டு வயது அண்ணன் ராபர்ட்டோடு சேர்த்து எரிக்கையும் லண்டனில் மிஷனரிகளின் மகன்களுக்கான விடுதிப் பள்ளியில் விட்டார்கள். பெற்றோர் சீனா திரும்பினார்கள். அதன் பிறகு விடுமுறைக்கு அவர்கள் பிரிட்டன் வந்த சில தடவைகள்தான் குடும்பம் ஒன்றாக இருந்தது. இந்த விவரத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் இது திரும்ப வரும்.

பள்ளியில் கிரிக்கெட், ரக்பி, ஓட்டம் என எல்லாவற்றிலும் முன்னால் நின்றார். 1920இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிக்கச் சேர்ந்தார். 1922, 1923இல் ஸ்காட்லாந்து ரக்பி அணிக்காக ஏழு சர்வதேச ஆட்டங்கள். 1923இல் பிரிட்டன் அளவிலான போட்டியில் 100 யார்டு தூரத்தை 9.7 விநாடிகளில் கடந்தார். அந்தப் பிரிட்டிஷ் சாதனையை முறியடிக்க 35 வருடங்கள் ஆனது.

ஓடும் விதம் மட்டும் பார்க்கச் சகிக்காது. தலை பின்னால் சாயும், வாய் திறந்திருக்கும், கைகள் காற்றில் துழாவும். ஆனால் வேகம் வேகம்தான். 1923 ஜூலையில் ஸ்டோக் நகரில் நடந்த 440 யார்டு ஓட்டம் அதற்கு ஓர் உதாரணம். தொடங்கியதுமே இன்னொருவர் மோதி கீழே விழுந்தார். எழுந்தபோது மற்றவர்கள் சுமார் 20 யார்டு முன்னால் போயிருந்தார்கள். துரத்திப் பிடித்து, ஜெயித்து, கோட்டைத் தாண்டியதும் சரிந்து விழுந்தார்.

அதே 1923இல்தான், ஆர்மடேல் என்ற சிற்றூரில், தன் நம்பிக்கையைப் பற்றி முதன்முறையாக மேடையில் பேசினார். நல்ல பேச்சாளர் இல்லை, கூச்ச சுபாவம். ஆனால் பிரபலமான விளையாட்டு வீரர் பேசுகிறார் என்றால் கூட்டம் வரும் என்று நண்பர்கள் கேட்டார்கள், ஒத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடினால்தான் என்ன?

இன்று கேட்டால் விசித்திரமாகத்தான் இருக்கும். ஐ.டி. ஷிஃப்ட்டிலும் மருத்துவமனை டூட்டியிலும் ஞாயிறு என்பது இன்னொரு வேலை நாள். ஆனால் லிடெல் வளர்ந்த ஸ்காட்டிஷ் புராட்டஸ்டன்ட் குடும்பங்களில் ஞாயிறு என்பது ஓய்வுநாள். பத்துக் கட்டளைகளில் ஒன்று அதைப் பரிசுத்தமாக ஆசரிக்கச் சொல்கிறது. வேலை கிடையாது, விளையாட்டு கிடையாது. ஆராதனை, ஜெபம், குடும்பம் மட்டும்தான்.

100 மீட்டர் தகுதிச்சுற்று 1924 ஜூலை 6, ஞாயிறு அன்று என்று அட்டவணை வந்தது. இரண்டு தொடர் ஓட்டங்களிலும் ஞாயிறு குறுக்கிட்டது. மூன்றிலிருந்தும் லிடெல் விலகினார். ஆர்ப்பாட்டம் செய்யவில்லை, அறிக்கை விடவில்லை, மற்றவர்களும் ஓடக்கூடாது என்று யாரிடமும் சொல்லவில்லை. தன்னால் முடியாது, அவ்வளவுதான்.

விமர்சனம் இல்லாமல் இல்லை. நாட்டைவிட உன் மதம் பெரிதா என்ற தொனியில் கேள்விகள் வந்தன. முதல் உலகப் போர் முடிந்து ஆறு வருடங்கள்தான் ஆகியிருந்தன. நாட்டுக்காக என்ற வார்த்தைக்கு அப்போது இருந்த கனமே வேறு.

சினிமா சொன்னது எது, நடந்தது எது?

1981இல் வந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' திரைப்படம்தான் லிடெலை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. சிறந்த படம் உட்பட நான்கு ஆஸ்கர் விருதுகளை வென்ற படம். ஆனால் சினிமா சினிமாதானே. சில இடங்களில் நிஜத்திலிருந்து விலகுகிறது.

படத்தில், பாரிஸுக்குக் கப்பல் ஏறும்போதுதான் ஞாயிறு அட்டவணை லிடெலுக்குத் தெரிகிறது. நிஜத்தில் பல மாதங்கள் முன்பே தெரியும். படத்தில், சக வீரர் ஒருவர் பெருந்தன்மையோடு 400 மீட்டர் வாய்ப்பை விட்டுக்கொடுக்கிறார். நிஜத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. 200, 400 மீட்டர் ஓட்டங்களுக்கு லிடெல் பயிற்சியாளர் டாம் மெக்கர்ச்சரோடு மாதக்கணக்கில் உழைத்திருந்தார்.

இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். ஆனால் முக்கியமானது. கடைசி நிமிடத்தில் உணர்ச்சிவேகத்தில் எடுத்த முடிவு இல்லை அது. முடிவெடுத்தார், பிறகு அதன் விளைவைச் சமாளிக்க தினமும் மைதானத்தில் வியர்வை சிந்தினார். முடியாது என்று சொன்னதோடு நிற்காமல், வேறு என்ன முடியும் என்று பார்த்தார்.

47.6 விநாடிகள்

ஜூலை 6 அன்று மற்றவர்கள் 100 மீட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, லிடெல் பாரிஸில் உள்ள ஸ்காட்டிஷ் தேவாலயத்தில் இருந்தார். அந்தப் போட்டியில் தங்கம் வென்றது சக பிரிட்டன் வீரர் ஹரோல்ட் ஆப்ரஹாம்ஸ். ஜூலை 9 அன்று 200 மீட்டரில் லிடெலுக்கு வெண்கலம் கிடைத்தது.

ஜூலை 11, வெள்ளிக்கிழமை. 400 மீட்டர் இறுதிச்சுற்று. அன்று காலை பிரிட்டன் அணியின் மசாஜ் உதவியாளர் ஒருவர் லிடெலிடம் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்திருந்தார். தம்மைக் கனப்படுத்துகிறவர்களைக் கடவுளும் கனப்படுத்துவார் என்று பொருள்படும், முதலாம் சாமுவேல் புத்தகத்து வசனத்தை நினைவூட்டும் குறிப்பு அது. இந்தச் சீட்டை எதிரணி வீரர் கொடுப்பதாகப் படம் காட்டும்.

கிடைத்ததோ கடைசி வெளிப்பக்க ஓடுபாதை. அதில் ஓடுகிறவருக்கு மற்றவர்கள் எல்லாரும் முதுகுக்குப் பின்னால்தான் இருப்பார்கள். யார் எங்கே வருகிறார் என்றே தெரியாது. லிடெல் வழக்கம்போல முதலில் சக போட்டியாளர்களிடம் போய்க் கைகுலுக்கினார். அந்தக் காலத்தில் ஸ்டார்ட்டிங் பிளாக் கிடையாது. கால் ஊன்றுவதற்கு ஓடுபாதையில் குழி தோண்டிக்கொள்ள வேண்டும். பந்தயங்களில் தன் கரண்டியை மற்ற வீரர்களுக்குக் கொடுத்து உதவுவது லிடெலின் பழக்கம்.

துப்பாக்கி வெடித்தது. முதல் 200 மீட்டரை ஏறக்குறைய 200 மீட்டர் பந்தயம் ஓடுவதுபோலவே 22.2 விநாடிகளில் ஓடினார். இந்த வேகம் தாங்காது, இப்போது விழுந்துவிடுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். விழவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு 47.6 விநாடிகளில் கோட்டைத் தாண்டினார். ஒலிம்பிக் சாதனை. அமெரிக்காவின் ஹோரேஷியோ ஃபிட்ச் வெள்ளி, பிரிட்டனின் கை பட்லர் வெண்கலம்.

ஞாயிறை மதித்ததற்குக் கடவுள் கொடுத்த பரிசு இது என்று பலர் இந்த இடத்தை வாசிக்கிறார்கள். அப்படி வாசித்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. கடவுளைக் கனப்படுத்தினால் பதக்கம் கிடைக்கும் என்ற கணக்கு, லிடெலின் மிச்ச வாழ்க்கைக்குப் பொருந்தவே பொருந்தாது.

தங்கம் வென்ற பிறகு என்ன செய்தார்?

ஊர் திரும்பியதும் பட்டமளிப்பு. எடின்பரோ மாணவர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். விளம்பரம், பயிற்சி, பத்திரிகைப் பத்தி என்று பிழைக்க ஆயிரம் வழி இருந்த நேரம். அடுத்த வருடம், 1925இல், சீனாவுக்குக் கிளம்பிவிட்டார்.

தியான்ஜினில் இருந்த ஆங்கிலோ-சைனீஸ் கல்லூரியில் அறிவியல் ஆசிரியர் வேலை. பாடத்தோடு விளையாட்டும் சொல்லிக்கொடுத்தார். நகரில் மின்யுவான் மைதானம் உருவானபோது வடிவமைப்பில் உதவினார். ஞாயிறு பள்ளி, பைபிள் வகுப்பு என்று வாரம் நிறைந்தது. 1932இல் விடுமுறையில் ஸ்காட்லாந்து வந்தபோது போதகராக அபிஷேகம் பெற்றார். 1934இல் கனடா மிஷனரி தம்பதியின் மகளான ஃபுளோரன்ஸை மணந்தார். பட்ரீஷியா, ஹெதர் என்று இரண்டு மகள்கள் பிறந்தார்கள்.

கிட்டத்தட்ட 12 வருடங்கள். பரபரப்பான செய்தி என்று எதுவும் இல்லை. காலையில் எழுந்து ஜெபம், வேதம் வாசிப்பு. பிறகு வகுப்பு, மைதானம், வீடு. சினிமா எடுக்க முடியாத இந்த வருடங்களில்தான் லிடெலின் நம்பிக்கை பழக்கமாக மாறியது.

அந்தக் காலகட்டத்தில் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தின் தாக்கம் அவரிடம் இருந்தது. நேர்மை, தூய்மை, தன்னலமின்மை, அன்பு ஆகிய நான்கையும் அளவுகோலாக வைத்து அன்றாட நடத்தையைச் சோதித்துப் பார்க்கச் சொன்ன இயக்கம் அது. அவருக்கு மிகவும் பிடித்த வேதப் பகுதி இயேசுவின் மலைப்பிரசங்கம். அதை அழகான உபதேசமாக இல்லாமல், செய்து பார்க்க வேண்டிய பட்டியலாகவே வாசித்தார்.

வண்டியில் ஏற்றிய இரண்டு பேர்

1937இல் மிஷன் அவரை ஒரு கிராமப்புறப் பணிக்கு அழைத்தது. இடம் சியாவ்சாங். சிறுவயதில் பெற்றோரோடு இருந்த அதே ஊர். அண்ணன் ராபர்ட் அங்கே மருத்துவமனையில் டாக்டர். ஆனால் ஜப்பான்-சீனப் போர் தொடங்கிவிட்டது. வறட்சி, கொள்ளை, குண்டுவீச்சு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த பகுதி அது. மனைவி, குழந்தைகளைக் கூட்டிப்போக முடியாது. நிறைய தயங்கி, யோசித்து, கடைசியில் போனார். குடும்பம் தியான்ஜினில் தங்கியது.

1939 தொடக்கத்தில் ஒரு நாள். தொலைவில் ஒரு கோயிலில் காயம்பட்ட ஆள் ஒருவர் கிடக்கிறார் என்று தகவல் வந்தது. உதவி செய்தால் ஜப்பான் வீரர்கள் என்ன செய்வார்களோ என்று ஊர்க்காரர்களுக்குப் பயம். லிடெல் வண்டி ஏற்பாடு செய்துகொண்டு கிளம்பினார். வழியில் இரவு தங்கியபோது அவருக்கும் பயம் வந்தது. ராணுவத்தினர் மறித்தால் என்ன பதில் சொல்வது? கையிலிருந்த சீன மொழிப் புதிய ஏற்பாட்டைத் திறந்தார். கண்ணில் பட்டது லூக்கா 16ஆம் அதிகாரம். சின்ன விஷயத்தில் உண்மையாக இருப்பவரே பெரிய விஷயத்திலும் உண்மையாக இருப்பார் என்று சொல்லும் பகுதி. கேள்விக்கு அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். நேர்மையாக இரு, நேராக இரு, அவ்வளவுதான்.

அந்த ஆளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் வழியில் இன்னொருவரைப் பற்றியும் தெரிந்தது. தலையை வெட்ட ஓங்கிய வாள் கழுத்தைக் கிழித்தும் சாகாமல் கிடந்தார். அவரையும் ஏற்றிக்கொண்டார். முதல் ஆள் பிழைக்கவில்லை. இரண்டாவது ஆள் பிழைத்தார். அவர் ஓர் ஓவியர். நன்றியாக லிடெலுக்கு ஒரு பியோனி மலரை வரைந்து கொடுத்தார்.

பிரிவு

1941இல் நிலைமை இன்னும் மோசமானது. ஃபுளோரன்ஸ் அப்போது மூன்றாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். மனைவியையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்கு அனுப்பிவிட்டு லிடெல் சீனாவிலேயே தங்கினார். அந்த ஆண்டு செப்டம்பரில் மூன்றாவது மகள் மொரீன் பிறந்தாள். அவளை லிடெல் கடைசி வரை பார்க்கவே இல்லை.

இந்த முடிவைக் கேள்வி இல்லாமல் கடந்துபோக முடியாது. ஊழியம் என்ற பெயரில் குடும்பத்தை விட்டது சரியா? கப்பல் ஏறியிருந்தால் ஒருவேளை முகாம் இல்லை, பிள்ளைகளுக்கு அப்பா இருந்திருப்பார். வேலைக்காக வெளிநாட்டில் ஒருவர், ஊரில் ஒருவர் என்று வாழும் இன்றைய குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகவே புரியும். லிடெலின் வாழ்க்கை இதற்குச் சுலபமான பதில் எதையும் தருவதில்லை. கடவுளைக் கனப்படுத்துவது என்ற முடிவின் விலையைத் தான் மட்டுமே கொடுப்பதில்லை, கூட இருப்பவர்களும் கொடுக்கிறார்கள் என்பதை மட்டும் அது மறைக்காமல் காட்டுகிறது.

சுவருக்குள் ஒரு ஊர்

1943 மார்ச்சில் ஜப்பானியர்கள் லிடெலை வெய்ஷியன் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைய ஷாண்டோங் மாகாணத்தின் வெய்ஃபாங் நகரம். முன்பு அமெரிக்க மிஷன் வளாகமாக இருந்த இடம். நாலு பக்கமும் சுவர், காவல் கோபுரம். உள்ளே வியாபாரிகள், மிஷனரிகள், பாதிரியார்கள், இசைக்காரர்கள், போதைக்கு அடிமையானவர்கள், குழந்தைகள் என ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர்கள். தண்ணீர் இறைப்பது முதல் கழிவறை கழுவுவது வரை எல்லா வேலையையும் கைதிகளே பார்க்க வேண்டும்.

நெருக்கடியில் மனிதர்களின் நிஜ முகம் தெரியும் என்பார்கள். முகாமிலும் அதுதான் நடந்தது. படுக்க ஒரு சாண் இடத்துக்குச் சண்டை, உணவுத் திருட்டு, என் பங்கு உன் பங்கு. நன்றாகப் பிரசங்கம் செய்கிறவர்களும் இதற்கு விதிவிலக்கு இல்லை. முகாமில் இருந்த இளம் ஆசிரியரும் பின்னாளில் இறையியல் அறிஞருமான லாங்டன் கில்கி இதையெல்லாம் ஒளிவுமறைவு இல்லாமல் புத்தகமாக எழுதினார். யாரையும் லேசில் பாராட்டாத அந்தப் புத்தகத்தில் லிடெலைப் பற்றி மட்டும் மிக உயர்வாக எழுதியிருக்கிறார்.

அப்படி என்ன செய்தார் லிடெல்? பெரிதாக எதுவும் இல்லை என்பதுதான் விஷயமே. விடியலுக்கு முன் எழுந்து, அறைத்தோழரோடு ஒரு சின்ன விளக்கு வெளிச்சத்தில் வேதம் வாசித்து ஜெபிப்பார். பிறகு பெரியவர்களுக்குத் தண்ணீர், நிலக்கரி சுமந்து கொடுப்பார். பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுப்பார். ஆய்வுக்கூடம் கிடையாது, வேதியியல் கருவிகளைக் கையால் வரைந்து காட்டுவார். சாயங்காலம் விளையாட்டு. உடைந்த ஹாக்கி மட்டைகளைத் துணிக் கிழிசல் சுற்றிச் சரிசெய்வதும் அவர் வேலைதான்.

முகாமுக்கு வந்தவர்களில் சீஃபூ என்ற மிஷனரி பள்ளியின் பிள்ளைகளும் இருந்தார்கள். பெற்றோர் எங்கோ தொலைவில். போரால் வருடக்கணக்கில் பார்க்க முடியவில்லை. ஆறு வயதில் விடுதியில் விடப்பட்ட சிறுவனுக்கு அந்த முகங்களைப் பார்த்தால் என்ன தோன்றியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. பிள்ளைகளுக்கு அவர் ஒலிம்பிக் சாம்பியன் இல்லை, அங்கிள் எரிக்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹாக்கி

முகாமில் விளையாட்டுகளை நடத்திய லிடெல், ஞாயிறு அன்று மட்டும் நடத்த மாட்டார். பாரிஸில் இருந்த அதே விதி. ஆனால் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஞாயிறுதான் பெரிய தொல்லை. வேலையும் இல்லை, வகுப்பும் இல்லை, சுவருக்குள் பொழுதும் போகவில்லை.

ஒரு ஞாயிறு அவர்களாகவே ஹாக்கி ஆட்டம் வைத்துக்கொண்டார்கள். பையன்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நடுவர் கிடையாது. ஆட்டம் அடிதடியில் முடிந்தது.

அடுத்த ஞாயிறு மறுபடி ஆட்டம். இந்த முறை நடுவராக மைதானத்துக்கு வந்தவர் எரிக் லிடெல்.

பிரிட்டன் முழுக்க எதிர்பார்த்தபோதும், ஒலிம்பிக் தங்கம் காத்திருந்தபோதும் அசையாதவர், சில பையன்கள் மட்டையால் அடித்துக்கொண்டதற்காக இறங்கி வந்தார். முதல் முறை விதியை மீறச் சொன்னது அவருடைய சொந்தப் புகழ். அதை மறுத்தார். இரண்டாவது முறை கேட்டது பிள்ளைகளின் தேவை. அதற்குச் சம்மதித்தார். தனக்காக என்றால் விதி கண்டிப்பானது. அடுத்தவருக்காக என்றால் அது வளையும். ஓய்வுநாள் மனிதனுக்காகத்தான் உண்டாக்கப்பட்டது என்ற இயேசுவின் போதனையை அறிந்தவர்களுக்கு இதில் முரண்பாடு தெரியாது.

நம்மில் பலரும் இதற்கு நேர் எதிராகச் செய்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும். நமக்கு வசதி என்றால் சலுகை, அடுத்தவர் விஷயத்தில் சட்டம்.

எதிரிக்காக ஜெபம், ஒரு ஜோடி ஷூ

ஒருநாள் பைபிள் வகுப்பில் பகைவரை நேசிப்பது பற்றிப் பேச்சு வந்தது. வெளியே துப்பாக்கியோடு காவலர்கள். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று பிள்ளைகளுக்குச் சந்தேகம். நேசிப்பது கஷ்டம்தான் என்று லிடெலும் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த வசனம் அங்கே நிற்கவில்லை, அவர்களுக்காக ஜெபிக்கவும் சொல்கிறது என்று காட்டினார். பிடித்தவர்களுக்காக ஜெபிக்க எல்லாருக்கும் முடியும்; ஜெபிக்கத் தொடங்கினால் நேசமும் பின்னால் வரும் என்பது அவர் விளக்கம்.

அந்த வகுப்பில் இருந்த பையன்களில் ஒருவர் ஸ்டீஃபன் மெட்காஃப். குளிர்காலத்தில் அவர் காலணி கிழிந்துபோனதைப் பார்த்த லிடெல், தன்னுடைய பழைய ஓட்டக் காலணிகளைத் தைத்துச் சரிசெய்து கொடுத்தார். போர் முடிந்த பிறகு மெட்காஃப் மிஷனரியாகப் போன நாடு, ஜப்பான். அங்கே பல பத்தாண்டுகள் பணியாற்றினார்.

முடிவு

1945 தொடக்கத்தில் லிடெலுக்குக் கடுமையான தலைவலி வந்தது. அதிக வேலையால் வந்த மனச்சோர்வு என்றே முதலில் நினைத்தார்கள். பிப்ரவரி 21 அன்று முகாம் மருத்துவமனையில் இறந்தார். வயது 43. மூளையில் கட்டி இருந்தது பிறகுதான் தெரிந்தது. ஆறு மாதங்கள் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று, அமெரிக்க வீரர்கள் பாராசூட்டில் குதித்து முகாமை விடுவித்தார்கள்.

கனடாவில் இருந்த ஃபுளோரன்ஸுக்குச் செய்தி போய்ச்சேர மே மாதம் ஆகிவிட்டது. 1991இல் எடின்பரோ பல்கலைக்கழகம் வெய்ஃபாங்கில் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைத்தது. ஸ்காட்லாந்தின் மல் தீவிலிருந்து கொண்டுவந்த கிரானைட் கல் அது.

லிடெலின் நாளிலிருந்து எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

சுருக்கமாக ஐந்து விஷயங்கள்:

1. நாளின் முதல் பகுதி: போன் இல்லாத காலம்தான். ஆனால் முகாமில் தனிமை கிடைப்பது அதைவிடக் கஷ்டம். அதற்காகவே சீக்கிரம் எழுந்தார். ஜெபத்துக்கு மிச்ச நேரத்தைக் கொடுக்கவில்லை, முதல் நேரத்தைக் கொடுத்தார்.

2. முன்கூட்டியே முடிவு: நெருக்கடி வந்த பிறகு கொள்கையைத் தேடவில்லை. எதைச் செய்ய மாட்டேன் என்பது முன்பே தெளிவாக இருந்ததால், மிச்ச நேரத்தை உழைப்பில் போட முடிந்தது.

3. வேலையை நன்றாகச் செய்வது: 400 மீட்டர் பயிற்சியும் கையால் வரைந்த வேதியியல் படமும் அவருக்கு ஆராதனைக்கு வெளியே இருந்த விஷயங்கள் இல்லை.

4. போட்டியாளரும் மனிதர்: கைகுலுக்கல், குழி தோண்டக் கரண்டி. ஜெயிக்க ஓடும்போதும் பக்கத்தில் இருப்பவரை மறக்கவில்லை.

5. விதி யாருக்காக?: தன்மேல் கண்டிப்பு, அடுத்தவர்மேல் கரிசனம்.

கொலோம்ப் மைதானத்தில் ஓடிய 47.6 விநாடிகளை உலகம் படம் எடுத்து வைத்திருக்கிறது. வெய்ஷியனில் நடந்த ஹாக்கி ஆட்டத்துக்குக் கேமரா இல்லை, ஸ்கோர்போர்டு இல்லை, யார் ஜெயித்தார்கள் என்றுகூட யாரும் எழுதிவைக்கவில்லை. அடிதடி இல்லாமல் ஆட்டம் முடிந்தது. அன்றைக்கு அங்கே தேவைப்பட்டது அதுதான்.